பொதுப் பாடசாலைக்குக் காவல் யார்?

உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பது நம் நாட்டு உழவர் வாய்மொழி. வரப்பின்மேல் நாள்தோறும் நடந்து செல்வானுடைய கண், எருவினும் நீரினும் மிகுதியாகப் பயிரை வளர்க்கும் என்பது அதன் கருத்து. வயலுக்கு உடையவன் இன்னான் என்று எளிதிற் சொல்லலாம். தனியார் நடத்தும் பாடசாலையிலும், பொருள் கொடுத்துப் பிள்ளையைச் சேர்த்த தந்தை, கொடுத்த பொருளுக்குத் தக்க பயன் கிட்டிற்றா என்று கேளாமல் விடான். ஆயின், அரசினரும் மாநகராட்சியாரும் நடத்தும் பொதுப் பாடசாலைக்கு உடையவன் யாவன்? தலைமையாசிரியர் எனின், அவர் இன்று இருந்து நாளை மாற்றலாகிச் செல்பவர். கல்வி அதிகாரி எனின், அவர் ஒருவர் பொறுப்பிற் பல பாடசாலைகள் உள. பெற்றோர் எனின், பிள்ளை படிப்பை முடித்து வெளியேறியதும் அவரும் உடன் வெளியேறுவர். எல்லோர்க்கும் உரியது ஒருவர்க்கும் உரியதன்றாய்ப் போதல் உலகியல்பு. அவ்வியல்பை மாற்றும் வழி யாது என்பதை நம் கலாசாலை அன்பர்களோடு சிறிது ஆராய விரும்புகின்றோம்.

ஒரு பேட்டையில் வாழ்வோர் சிலர் ஒன்றுகூடித் தம் பேட்டையிலுள்ள பொதுப் பாடசாலைகளைத் தொடர்ந்து கவனித்து, கண்டதை எழுதி வெளியிட்டு, குறையைத் தீர்க்க வேண்டியவர் காதில் அதனை விழச் செய்தல் இக்காலத்தில் பல நாடுகளிலும் நடைபெறும் ஒரு பொதுத் தொண்டு. அத்தகைய கூட்டத்திற் புதிதாய்ச் சேரும் ஒருவர், கல்வி கற்றவர், எழுத வல்லவர், ஆனால் அப்பாடசாலையிற் பயிலும் பிள்ளை எவர்க்கும் பெற்றோரல்லாதவர், என்ன செய்தல் தகும், என்ன செய்தல் தகாது என்பதே இக்கட்டுரையின் பொருள். எம் அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். அத்தகையவர் கட்டாயம் சேர வேண்டும். சேர்ந்தபின், பெற்றோரின் இடத்தைத் தாம் கைப்பற்றாமல், பெற்றோரின் குரலுக்குத் தம் எழுத்தைத் துணையாகக் கொடுக்க வேண்டும். குறை கூறிய கையோடு வேலையிலும் ஒரு பங்கைத் தாங்க வேண்டும்.

பேச்சுப் பொதுவாக நின்றாற் பயன் குறைவு. ஆகவே ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். அடையாற்றுக்குத் தெற்கே, கடலையொட்டி அமைந்த பெசன்ட் நகர், அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கியது. அவ்விடத்தில் வீதிகளும் மாடிகளும் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1894-ஆம் ஆண்டில், பிரமஞான சங்கத் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், பிற பள்ளிகளின் வாயில் தமக்கு அடைபட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காக இலவசப் பாடசாலையொன்றைத் திறந்தார். ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயருடன் அது பெசன்ட் நகரில் இன்றும் நிற்கிறது. அதன் வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. அப்பிள்ளைகளின் உறவினரல்லாத, அவர்தம் ஊரினரும் நாட்டினருமல்லாத ஒருவர், அவர்கள் கல்லாதிருப்பது தமக்கு வந்த குறை என்று கருதினார். பேட்டை தோன்றுமுன்பே அங்கே இந்த வழக்கம் தோன்றிவிட்டது.

இன்றைய பெசன்ட் நகரில் இருவகை வாழ்க்கை ஒன்றையொன்று ஒட்டி நடைபெறுகின்றது. ஒருபுறம் மரநிழல் படிந்த அகன்ற வீதிகள், அடுக்குமாடி வீடுகள், ராஜாஜி பவனத்து மத்திய அரசின் அலுவலகங்கள், கடற்கரைச் சிற்றுண்டிச் சாலைகள். மற்றொருபுறம் ஊரூர் ஆல்காட் குப்பம், ஓடைக் குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள். முதற்பகுதியில் வாழ்வோர்க்குச் சங்கங்கள் உண்டு. நடைபாதை பழுதுற்றால், குப்பை அள்ளப்படாவிட்டால், இரவில் ஒலிபெருக்கி ஓயாவிட்டால், அவர் விண்ணப்பம் எழுதுவர், பொறியாளரைக் காண்பர், பேட்டைப் பத்திரிகையில் வெளியிடுவர். அவர்க்கு விடையும் வரும். அவ்விண்ணப்பங்களுள் மாநகராட்சிப் பாடசாலையின் பெயர் எத்துணைமுறை வரும்? அவருடைய பிள்ளைகள் காலையில் வண்டியேறித் தனியார் பள்ளிக்குச் செல்கின்றனர். நான்கு வீதி தள்ளியிருக்கும் பொதுப் பாடசாலையின் மணியோசை அவர் காதில் விழுந்தாலும் கருத்தில் விழுவதற்குக் காரணமில்லை. இதனை நாம் குற்றமாகக் கூறவில்லை. தன் பிள்ளைக்கு நல்லது தேடாத தாய் தந்தையர் எங்குமில்லை. ஆயினும் அதன் விளைவை நாம் காணாதிருத்தலாகாது.

ஆல்பர்ட் ஹர்ஷ்மன் என்னும் பொருளாதார அறிஞர் 1970-இல் வெளியிட்ட ஒரு நூலில் இவ்விளைவைத் தெளிவாக விளக்கியுள்ளார். ஒரு ஸ்தாபனம் சீர்கெடத் தொடங்கினால் அதனைச் சார்ந்தவர்க்கு இரண்டு வழிகள் உண்டு: விலகிச் செல்வது ஒன்று, இருந்து குரலெழுப்புவது மற்றொன்று. தரத்தைப் பற்றி மிகுந்த கவலை உள்ளவரே முதலில் விலகுவர். அவர் தாமே, இருந்திருந்தால், உரத்துக் குரலெழுப்பியிருக்கத் தக்கவர். பொதுப் பாடசாலையையே அவர் இதற்கு உதாரணமாகக் காட்டினார். சென்னை மாநகராட்சி நடத்தும் பாடசாலைகள் நானூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றைச் சுற்றி வாழும் படித்த குடும்பங்கள் விலகுந்தோறும், அப்பாடசாலைகளிற் குறை கூடுகிறதோ இல்லையோ, குறையைச் சொல்ல வல்லார் தொகை குறைகின்றது. கழிப்பறைக் கதவு உடைந்தால் அதைக் காண்பவர் பலர். கண்டதை எழுதி, எழுதியதற்கு விடை வருமளவும் விடாமல் நிற்பவர் சிலரே.

பள்ளியைப் பார்வையிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையை ஒட்டி, அடுத்த ஆண்டில் சென்னை மாகாணத்திற் பொதுக்கல்வித் துறை ஏற்பட்டது; பரிசோதகர்கள் நியமிக்கப்பெற்றனர். பரிசோதகர் வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பும் பிள்ளைக்குத் தூய உடையும் வந்துவிடும். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் பழைய நிலையே மீளும். இதனினும் பெரிய தீங்கொன்று இங்கிலாந்தில் விளைந்தது. பரிசோதகர் நடத்தும் பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினரோ அதற்கேற்பவே பள்ளிக்கு நன்கொடை என்னும் விதி அங்கே 1862-இல் வந்தது. நம் மாகாணத்திலும் பின்னர் அம்முறை வழங்கிற்று. கவியும் பள்ளிப் பரிசோதகருமாயிருந்த மாத்யூ ஆர்னால்டு அதனை வன்மையாகக் கண்டித்தார். உபாத்தியாயர்கள் பரிசோதகருக்காகவே கற்பிக்கத் தொடங்கினர். பிள்ளைகள் பொருளறியாது ஒப்புவித்தனர். அளக்கப்பட்டது வளர்ந்தது, கல்வி தேய்ந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்தார் அவ்விதியைக் கைவிட்டனர். ஆண்டுக்கொருமுறை வந்து செல்லும் கண்ணும், ஒன்றை மட்டுமே அளக்கும் கண்ணும் பள்ளிக்குக் காவலாகா என்பது இதனாற் பெறப்படும்.

நற்கண் என்ன செய்யும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்றுண்டு. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பாடசாலைக்கு ஏழைப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை என்பது கவனிக்கப்பட்டது. வராத பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடுதல் எளிது. ஏன் வரவில்லை என்று கேட்டபோது, வயிற்றுப் பசியே விடையாய் நின்றது. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம் 1920-இல், பிள்ளை ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் அங்கே நண்பகற் சிற்றுணவு அளிக்க இசைந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் அந்தச் சிறு தொடக்கத்தின் வழியில் வந்தவையே. வருகைப் பதிவேட்டில் வெற்றிடத்தைக் கண்டவர் அங்கே நின்றுவிடாமற் காரணத்தைத் தேடினமையால் விளைந்த நன்மை இது.

இனி, சட்டம் கூறுவது யாது? 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அரசும் உள்ளாட்சியும் நடத்தும் ஒவ்வொரு பாடசாலைக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று வேண்டும் என்றும், அதன் உறுப்பினரில் முக்காற் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்திற் சரிபாதியினர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. பள்ளி நடைபெறும் விதத்தைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், வந்த பணம் செலவாகும் வகையைக் கவனித்தல் ஆகியன அக்குழுவின் கடமைகள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும். அவ்வகுப்புகளுக்கு ஆண்டில் 220 நாள் பள்ளி நடைபெற வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தூய குடிநீர், விளையாட்டிடம், நூலகம் ஆகியவை வேண்டும் என்பனவும் அச்சட்டத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சு 20-ஆம் நாள், 'நம் பள்ளி நம் பெருமை' என்னும் முழக்கத்துடன், அரசுப் பள்ளிகளெங்கும் பெற்றோர் கூட்டங்கள் நடந்தன; அவற்றையடுத்துக் குழுக்கள் புதுப்பிக்கப்பெற்றன. 2024-இல் அவை மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணாக்கர்க்கும் இடம் கிடைத்தது. ஆகவே பொதுப் பாடசாலைக்கு உடையவன் யாவன் என்ற வினாவுக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. பெற்றோரும் ஊராருமே உடையவர்.

சட்டம் கூறிவிட்டால் காரியம் முடிந்ததா எனின், இல்லை. காலையில் மீன் விற்கச் செல்லும் தாய்க்கும், மாடி வீடுகளில் வேலை செய்து உச்சிக்குத் திரும்பும் தாய்க்கும், குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அமர்வது ஒரு மணி நேரக் கூலி. வாய் திறந்து கேட்டால் தன் பிள்ளை மீது கோபம் பாயுமோ என்னும் அச்சம் வேறு. வரவுசெலவுத் தாளை விரித்து வைத்தால் அதைப் படித்துப் பொருள் காணும் பயிற்சியும் பலர்க்கு இல்லை. உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தில் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் சிலர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். சில ஊர்களிற் பெற்றோரைக் கூட்டி, கல்விக் குழுவின் உரிமைகளை எடுத்துரைத்தனர். வேறு சில ஊர்களில் அதனோடு, பிள்ளைகளின் படிக்கும் திறனை ஊராரே சோதித்தறியவும் கற்பித்தனர். இவ்விரு வகை ஊர்களிலும் பள்ளியில் மாறுதல் ஒன்றும் காணப்படவில்லை. மூன்றாம் வகை ஊர்களிலோ, உள்ளூர் இளைஞர்க்குப் பயிற்சி அளித்து, பள்ளி விட்டபின் படிப்பு வகுப்பு நடத்தச் செய்தனர். அவ்வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எழுத்தறியத் தொடங்கினர். அதிகாரமில்லார்க்குத் தகவல் மட்டும் கொடுத்தாற் பயன் சிறிது. செய்யத்தக்க வேலை ஒன்றைக் கையிற் கொடுத்தால் அதைச் செய்வார் ஊரில் உளர் என்பதே இச்சோதனை காட்டிய உண்மை.

தகவலால் எப்போதும் பயனில்லை என்று இதனால் முடிவு செய்தலும் பிழை. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், 1991 முதல் 1995 வரை, தொடக்கப் பள்ளிகளின் செலவுக்கென்று தலைநகரிலிருந்து அனுப்பிய பணத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே சராசரியாகப் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு வெளிப்படுத்திற்று. எஞ்சியதை இடையிலிருந்தோர் வேறு வழியிற் செலுத்தினர். இது தெரிந்தபின், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதை அரசினர் செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கினர். பள்ளிக் கதவிலும் எழுதி ஒட்டச் செய்தனர். 2001-இல் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு பள்ளியைச் சேர்ந்தது. அக்காலத்திற் செய்த பிற சீர்திருத்தங்களும் இதற்கு உதவின என்பர். ஆயினும் அச்செழுத்தின் பங்கு சிறிதன்று. ஜான்பூரில் இல்லாதது உகாண்டாவில் இருந்தது யாது? கேட்பார்க்குக் கையிற் பிடித்துக் காட்ட ஓர் எண் இருந்தது. அவ்வெண்ணை ஊரார் யாவரும் ஒருங்கே அறிந்திருந்தனர். அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் இன்னார் என்பதும் தெரிந்திருந்தது.

மாணாக்கர்க்கு அணித்தாகிய சான்றொன்றும் உண்டு. பிரதம் என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் 2005-ஆம் ஆண்டு முதல் 'அசர்' என்னும் கல்விநிலை அறிக்கை வெளிவருகின்றது. மாவட்டத்துக்கு முப்பது கிராமம், கிராமத்துக்கு இருபது வீடு என்னும் கணக்கில், தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தரத்துச் சிறு பகுதியொன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வர். எளிய கழித்தலும் வகுத்தலும் செய்யச் சொல்வர். அத்தொண்டருட் பலர் உள்ளூர்க் கலாசாலை மாணாக்கர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலாதிருக்கும் நிலையை நாட்டுக்குத் தெரிவித்தவர் அவர்களே. கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. ஆயின் அக்கணக்கெடுப்புக் கிராமங்களுக்கு உரியது. பெசன்ட் நகர்க் குப்பத்துப் பிள்ளை அதில் எண்ணப்படுவதில்லை. நகரத்துக்கு அப்பணியை நகரத்தாரே செய்துகொள்ள வேண்டும்.

இவற்றை நோக்கின், புதிதாய்ச் சேர்பவர் செய்யத் தக்கன தாமே விளங்கும். முதலாவது, எழுதுமுன் அவர் கற்க வேண்டும். சட்டத்தின் அட்டவணையைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரிலக்க எண் ஒன்றிட்டு, ஆசிரியர் தொகை, பிள்ளைகள் தொகை, கழிப்பறை, நூலகம் ஆகிய விவரங்களை அரசினரே பொதுவில் வெளியிடுகின்றனர். அதனை எடுத்துப் பள்ளியோடு ஒப்பிட வேண்டும். கிடைக்காத விவரத்தை, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை வருதல் வேண்டும். கேட்பதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. தமிழ்நாடு 1997-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் செய்த மாநிலம் என்பதும் நாம் நினைக்கத் தக்கது.

இரண்டாவது, அவர் காரணத்தைக் காணாமற் காரியத்தைக் கண்டிக்கலாகாது. 2003-ஆம் ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்ற ஆராய்ச்சியாளர், ஆசிரியர் நால்வருள் ஒருவர் அன்று பள்ளியில் இல்லையெனக் கண்டனர். இதை மட்டும் கேட்டவர் ஆசிரியர் இனத்தையே தூற்றுவர். உண்மையில் இல்லாதார் சிலர் கடமை தவறியவர். சிலர் விடுப்பில் இருந்தவர். சிலர் அதிகாரிகளின் ஆணைப்படி வேறு வேலைக்குச் சென்றவர். குடிக்கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் என்னும் மூன்றற்கன்றிப் பிற வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று கல்வி உரிமைச் சட்டமே தடுக்கின்றது. அதனை மீறி ஓர் ஆசிரியரை வகுப்பிலிருந்து இழுத்துச் சென்றால், அவர்க்காக வழக்காடுவதும் காவலரின் வேலையே. ஒழுங்கான ஆசிரியர் இத்தொண்டரைக் கண்டு அஞ்சும்படி நேருமாயின், தொண்டர் தம் தொழிலில் தவறினார் என்க.

மூன்றாவது, பிள்ளைகளின் மானம் காக்கப்பட வேண்டும். கிழிந்த சட்டையும் அழுத கண்ணும் எழுத்துக்குச் சுவையூட்டும். ஆயினும் அப்பிள்ளை வளர்ந்து ஒருநாள் அதனைக் காணுமே! பெயரும் முகமும் வெளிவருதல் கூடாது. அயலார் ஒருவர் பள்ளி வாயிலுள் நினைத்தபோது நுழைதலும் முறையன்று. தலைமையாசிரியரின் இசைவோடும், குழுவின் அழைப்போடும் செல்லுதலே தகுதி. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாக அறியவந்தால் அது கட்டுரைக்குரிய பொருளன்று. 1098 என்னும் எண்ணுக்கு அக்கணமே தெரிவிக்க வேண்டிய செய்தி.

நான்காவதும் தலையாயதும் ஒன்றுண்டு. எழுதியதை முதலில் வாசித்துக் காட்ட வேண்டியது பெற்றோர்க்கு. அவர் கூறாத குறையை அவர் பெயராற் கூறலாகாது. அவர் பெரிதென்று கருதுவதைச் சிறிதென்று தள்ளலாகாது. மாடி வீட்டார்க்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி பெருங்குறையாகத் தோன்றும்; குப்பத்துத் தாய்க்குத் தன் மகள் ஒதுங்கும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமையே பெருங்குறையாயிருக்கும். எதனை முதலில் எழுதுவது என்பதைத் தீர்மானிப்பவர் அத்தாயே. பின்பு குழுவின் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தல், வரவுசெலவுத் தாளைப் படித்து விளக்குதல், விண்ணப்பத்தின் நகலைப் பாதுகாத்தல், மறுமொழி வராவிட்டால் மேல்முறையீடு செய்தல் ஆகிய சிறு வேலைகளே புதியவரின் பெருந்தொண்டு. வாரத்தில் இரண்டு மாலை, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு அமர்ந்தாரெனின், அவருடைய எழுத்துக்கு வேறொருவரும் தரவியலாத உறுதி பிறக்கும்.

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படுவதுண்டு. 'உம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எம் பள்ளியைப் பற்றிப் பேச உமக்கு உரிமை ஏது?' என்பது முதலாவது. கூரிய கேள்வியே. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசினரிடம் ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் சேர்ப்பதற்கு வழி செய்யுமாறு உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அத்தீர்ப்பின் உட்கருத்து யாவர்க்கும் விளங்கும்: தன் பிள்ளை அமரும் பலகை உடைந்திருந்தால் அதிகாரி அதனைச் செப்பனிடாமல் உறங்கான். எனினும் பிறர் பிள்ளைக்காகப் பேசும் உரிமை பெற்றோர்க்கே உண்டென்று கொண்டால், ஆல்காட் அப்பள்ளியைத் திறந்திரார். பொதுப் பாடசாலையில் இன்று படிக்கும் பிள்ளை நாளைய குடிமகன். அப்பள்ளி நடைபெறுவது நம் எல்லோருடைய வரிப்பணத்தால். நமக்கு உரிமை உண்டு என்பது மட்டுமன்று, கடனும் உண்டு. கேள்வியின் கூர்மையை மறவாது, பணிவோடு பேசுதலே நாம் அதற்குச் செலுத்தத் தக்க மரியாதை.

'குறைகளை வெளியிட்டால் எஞ்சியுள்ள பெற்றோரும் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிடுவர். சேர்க்கை குறைந்தால் பள்ளியே மூடப்படுமே!' என்பது இரண்டாவது. இவ்வச்சம் மெய்யானது. ஆதலின் குறையை எழுதும் கை, நிறையையும் அதே அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். கடற்காற்றில் துருவேறிய சன்னலைக் கண்டவர், வகுப்பு முடிந்த பின்னும் பின்தங்கிய பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் ஆசிரியரையும் காணட்டும். குறை தீர்ந்த நாளில், குறையை எழுதிய அதே பக்கத்தில், அது தீர்ந்தமையையும் தீர்த்தவர் பெயரையும் எழுதட்டும். மூடிவைத்த குறை பள்ளியைக் காப்பாற்றியதாகக் கேட்டிலோம். பெற்றோர் விலகுவது குறை இருப்பதால் மட்டுமன்று. சொன்னாலும் தீராது என்னும் நம்பிக்கையின்மையால். சொன்ன குறை ஒன்று தீர்ந்தது என்று கண்ட தாய், அடுத்த ஆண்டில் தன் இளைய பிள்ளையையும் அங்கேயே சேர்ப்பாள்.

பெசன்ட் நகரின் இருபுறமும் ஒன்றுகூட இயலாதன அல்ல. 2015-ஆம் ஆண்டில் ஊரூர் ஆல்காட் குப்பத்துக் கடற்கரையில் நடந்த விழாவிற் கருநாடக இசையும் பிற கலைகளும் ஒரே மேடையில் ஒலித்தன. மாடி வீட்டாரும் குப்பத்தாரும் ஒரே மணலில் அமர்ந்து கேட்டனர். ஒரு மாலை நேரத்து இசைக்குக் கடந்த வீதியை, ஆண்டு முழுதும் நடைபெறும் கல்விக்காகக் கடத்தல் அரிதாமோ?

நம் கலாசாலையில் பயில்வாரும் பயின்று சென்றாரும் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர். உங்களிற் பலர் பொதுப் பாடசாலையினின்றே இங்கு வந்தவர். அதன் மணியோசையும், நண்பகல் உணவின் மணமும், பெயர் சொல்லி அழைத்த உபாத்தியாயரின் குரலும் உங்கள் நினைவில் உள. அப்பள்ளிக் குழுவில் முன்னாள் மாணாக்கர்க்கு இடமிருப்பதை அறிந்து, சென்று கேளுங்கள். இன்னும் சிலர் ஒருநாளும் பொதுப் பாடசாலையின் வாயிலை மிதித்திராதவர். நீங்கள் முதலிற் கேட்கவும் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் பெற்றபின் பார்க்கலாம் என்று ஒத்திவையாதீர்கள். இவ்வாண்டு மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதிருக்கும் பிள்ளை, உங்கள் பட்டமளிப்பு விழா வரை மூன்றாம் வகுப்பிலேயே காத்திராது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர். வடம் தொடுவோர் எல்லோரும் தேருக்கு உடையவரே. தொடாது நின்று பார்த்தவர் தேர் நின்றபின் குறை கூறினால் அதற்கு மதிப்பில்லை. ஆதலின், உங்கள் பேட்டைப் பொதுப் பாடசாலையின் மேலாண்மைக் குழு அடுத்து என்றைக்குக் கூடுகிறது என்று இவ்வாரமே விசாரியுங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். முதற் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டுவதில்லை. அங்கே பேசப்படுவதைப் பிழையின்றி எழுதிக் கொடுத்தாற் போதும்.